சுக்கான் யார் கையில்?

கணவனும் மனைவியும் தனியே ஒரு சிறு பாய்க்கப்பலில் ஏறி மகா சமுத்திரத்தைக் கடக்கப் புறப்பட்டால், அவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயம் யார் எப்பொழுது தூங்குவது என்பதே. கப்பல் இரவு பகல் என்று பாராமல் 24 மணி நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிரே வரும் பெரிய சரக்குக் கப்பல் இவர்களுடைய சிறு விளக்கைக் காணாமல் மோதிவிடலாம், காற்றுத் திசை மாறலாம், பாய் கிழியலாம். ஆகவே ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருந்தே தீரவேண்டும். முதல் 3 மணி நேரம் ஒருவர், அடுத்த 3 மணி நேரம் மற்றவர் என்று இரவைப் பங்கிட்டுக்கொள்வது பலருடைய வழக்கம். 4 மணி நேரமாகப் பங்கிடுவோரும் உண்டு. இப்படியே வாரக்கணக்கில் நடக்கிறது. 30 அடி நீளமுள்ள ஒரே கலத்தில் இருந்துகொண்டும், இருவரும் ஒருங்கே விழித்திருந்து பேசுவது பகலில் சில மணி நேரமே.

உறங்குகிறவர் தமது உயிரை விழித்திருப்பவர் கையில் ஒப்படைத்துவிட்டு உறங்குகிறார். தாம்பத்தியத்தின் மகிமையைப் பற்றி நம் நாட்டு மேடைகளில் கூறப்படும் அலங்கார வார்த்தைகள் அனைத்தையும்விட இந்த ஓர் ஏற்பாட்டில் அதிக அர்த்தம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அரசியல் பேசவேண்டிய இந்தப் பக்கத்தில் கடற்பிரயாணக் கதைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். இதுவும் அரசியலே என்பது போகப்போக விளங்கும்.

பொதுவாக இத்தகைய கப்பல்களில் வேலைப் பிரிவினை எவ்வாறு இருக்கிறதெனில், பாய், கயிறு, இயந்திரம், கடற்படம் ஆகியவை புருஷனுடைய இலாகா. சமையல், உணவுச் சாமான், மருந்துப் பெட்டி, கணக்கு ஆகியவை மனைவியின் இலாகா. கரையில் உள்ள குடும்பம் அப்படியே கப்பலேறிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் கடலில் சமையல் என்பது கரையில் சமைப்பது போன்றதல்ல. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அடுப்பு நிமிர்ந்து நிற்கும்படி அதை ஊஞ்சல்போல் தொங்கவிட்டிருப்பார்கள். சமைப்பவர் இடுப்பில் ஒரு வாரைக் கட்டிக்கொண்டு, கொதிக்கும் பாத்திரம் தம்மேல் கவிழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிநீரை அளந்து செலவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு வேண்டிய சாமானில் எது எந்தப் பலகையின் கீழ் இருக்கிறது என்பதை இருட்டிலும் அறிந்திருக்க வேண்டும். இதனை அற்ப வேலை என்று கருதுவோர் ஒரு தினம் செய்து பார்க்கட்டும்.

பிரிவினையின் குறை வெளிப்படுவது துறைமுகத்தில் நங்கூரம் போடும் சமயத்தில். புருஷன் பின்பக்கத்தில் சுக்கானைப் பிடித்து நிற்கிறான். மனைவி முன் அணியத்தில் நின்று கனத்த இரும்புச் சங்கிலியுடன் மல்லாடுகிறாள். அவன் கத்துகிறான், காற்றில் அவளுக்குக் காது கேட்பதில்லை, துறைமுகத்திலுள்ள மற்றக் கப்பல்காரர்களுக்கெல்லாம் நன்றாகக் கேட்கிறது. சற்று யோசித்தால், சங்கிலியை இழுக்கத் தேக பலம் வேண்டும், சுக்கானைத் திருப்பக் கண்ணும் கவனமும் போதும் என்பது சிறு பிள்ளைக்கும் புலனாகும். பலசாலியான புருஷன் சங்கிலியிடம் சென்று மனைவியைச் சுக்கானில் நிறுத்துவதன்றோ நியாயம்? அனுபவசாலிகள் அவ்வாறே செய்கிறார்கள்; கத்துவதற்குப் பதிலாகக் கைச் சைகைகளையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் செய்யாததற்குக் காரணம் ஒன்றே. சுக்கான் பிடித்தவனே கப்பல் தலைவன் என்ற எண்ணம் மனத்தைவிட்டுப் போவதில்லை. அதிகாரத்தின் அடையாளத்தைக் கையைவிட்டு நழுவவிட மனம் வராமல், வேலை கெட்டுப்போகச் சம்மதிக்கும் இந்தக் குணத்தை நம் ஸ்தாபனங்களின் காரியக் கமிட்டிகளில் காணாதவர் யார்?

நங்கூரச் சண்டையால் உயிர்ச் சேதம் இல்லை. இரவுக் காவலில் நேரக்கூடியது வேறு. காற்று வலுக்கிறது, பாயைச் சுருக்கப் புருஷன் முன்புறம் போகிறான், கால் வழுக்கிக் கடலில் விழுகிறான். கப்பல் நிற்பதில்லை, சில நிமிஷங்களில் அவன் தலை அலைகளுக்கிடையே மறைந்துவிடும். கப்பலைத் திருப்பி நிறுத்தி, அவனை மேலே ஏற்ற மனைவிக்குத் தெரிந்திருந்தால் அவன் பிழைப்பான். அவள் சமையலில் நிபுணியாக இருப்பதால் மட்டும் அவ்வேளையில் பயன் இல்லை. அப்படியே, மனைவி விழுந்தாலோ நோயுற்றாலோ, மருந்துப் பெட்டியில் என்ன இருக்கிறதென்று அறியாத புருஷனும் பயனற்றவனே. வேலையை எப்படி வேண்டுமாயினும் பங்கிட்டுக்கொள்ளட்டும். அறிவைப் பங்கிட்டு ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வதுதான் அபாயம் என்பது நமது அபிப்பிராயம். இதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது.

1856-ம் வருஷம் ஜூலை மாதம் ‘நெப்டியூன்ஸ் கார்’ என்ற அமெரிக்கக் கப்பல் நியூயார்க்கிலிருந்து ஸான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. அது 200 அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள, ‘கிளிப்பர்’ என்ற விரைவுப் பாய்க்கப்பல் வகையைச் சேர்ந்தது. அக்காலத்தில் பனாமாக் கால்வாய் இல்லை; தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அதன் காப்டன் ஜோஷுவா பாட்டன். அவருடன் அவர் மனைவி மேரி பாட்டனும் சென்றார். மேரிக்கு அப்பொழுது 19 வயது. விவாகமானபோது 16 வயதுகூட நிரம்பவில்லை. காப்டன்கள் மனைவியை உடன் அழைத்துச் செல்வது அக்காலத்தில் அபூர்வமன்று. மேரி இதற்கு முன் இதே கப்பலில் கணவருடன் உலகத்தையே சுற்றி வந்தவர். அந்த நீண்ட பிரயாணத்தில் பொழுது போக்குவதற்காகக் கணவரிடம் கப்பல் செலுத்தும் கணிதத்தைக் கற்றுக்கொண்டார். பொழுது போக்காகக் கற்றது பின்னர் ஒரு கப்பலையே காப்பாற்றியது.

அது என்ன கணிதம் என்பதைச் சிறிது சொல்லவேண்டும். நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்பதை அறிய, ‘செக்ஸ்டண்ட்’ என்ற கருவியால் நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு பாகை உயர்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். அதிலிருந்து, நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு தெற்கு அல்லது வடக்கு என்பது தெரியும். கிழக்கு மேற்கை அறிய, கிரீனிச் நேரத்தைத் தவறாமல் காட்டும் கடிகாரம் ஒன்று வேண்டும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், அவ்விடத்து நேரத்துக்கும் கிரீனிச் நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே தூரத்தைச் சொல்லிவிடும். கடிகாரத்தில் 4 விநாடி பிசகினால், நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் பிசகிவிடும். அட்டவணைகளைப் பார்த்து, ஆடும் மேஜையின்மேல், குளிரில் விறைத்த விரல்களால் இக்கணக்கைத் தினந்தோறும் போடவேண்டும்.

கப்பல் புறப்படுமுன்னரே கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது. காப்டனுக்கு அடுத்த அதிகாரியான முதல் மேட் காலொடிந்து போகவே, அவசரத்தில் கீலர் என்ற வேறொருவரை நியமித்தார்கள். அவரோ தம் காவல் நேரத்தில் தூங்கினார். வேலையில் அசிரத்தை காட்டினார். பாட்டன் அவரை வேலையினின்று நீக்கிக் காவலில் வைத்துவிட்டு, அவருடைய பொறுப்பையும் தாமே ஏற்றார். இரவும் பகலும் உறக்கமின்றி உழைத்த பாட்டன், முன்னமே க்ஷயரோகம் உள்ளவராதலால், ஹார்ன் முனையை நெருங்கும் தருணத்தில் மூளை ஜுரம் கண்டு பிரக்ஞை தவறி விழுந்தார். தென் கோளத்தில் குளிர் காலத்தின் கடைசி, எதிர்க்காற்று, பனி, மலைபோன்ற அலைகள். இரண்டாம் மேட் நல்ல மாலுமி. ஆயினும் கப்பல் இருக்குமிடத்தைக் கணக்கிட அவருக்குத் தெரியாது. நல்ல நிலையிலிருந்தவர்களில் அந்த வித்தையை அறிந்தவர்கள் இருவரே. ஒருவர் காவலிலிருந்த கீலர். மற்றவர் கர்ப்பிணியாக இருந்த மேரி.

கீலர் மேரிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹார்ன் முனையின் பயங்கரத்தையும் மேரி ஏற்கவேண்டிய பொறுப்பையும் வர்ணித்துவிட்டு, கப்பலைத் தாமே நடத்தித் தருவதாக அதில் கூறினார். மேட் வேலைக்கே தகுதியற்றவர் என்று தம் கணவர் தீர்மானித்த ஒருவரைக் காப்டன் வேலைக்குத் தகுதியுள்ளவராகத் தாம் கருத முடியாது என்ற பொருளில் மேரி பதிலளித்தார். வக்கீல்களாகிய நமக்கு இதைவிடச் சுருக்கமாக வாதாடத் தெரியாது. பிறகு கீலர் மாலுமிகளைக் கலைக்க முயன்றார். மேரி அவர்களை மேல்தட்டில் கூட்டி, காப்டனின் நிலையையும் தமது எண்ணத்தையும் விளக்கி, தம்முடன் நிற்பார்களா என்று கேட்டார். அவர்கள் நின்றார்கள். இரண்டாம் மேட் பாய்களையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டார். மேரி திசையையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார்.

அரசியல் ஊழியர்கள் இந்த இடத்தில் சற்றுத் தங்கவேண்டும். கீலருக்கு இருந்தது பதவியின் பேரால் கிடைத்த உரிமை. மேரிக்கு எந்தச் சட்டப் பதவியும் இல்லை. அதுமட்டுமன்று. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, விவாகமான ஸ்திரீ தன் புருஷனுடைய ஆளுமைக்குள் அடங்கியவள். தன் பெயரால் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளவும் அவளுக்கு அதிகாரமில்லை. அதைத் தழுவிய அமெரிக்க ராஜ்யங்களில் இந்தக் கட்டு அப்பொழுதுதான் சிறிது சிறிதாகத் தளர்ந்துகொண்டிருந்தது. ஒரு வாடகைச் சீட்டில் கையெழுத்திட லாயக்கற்றவள் என்று சட்டம் ஒதுக்கி வைத்த ஒரு பெண்ணின் கணக்கை நம்பி ஒரு கப்பலும், அதிலிருந்த சரக்கும், அத்தனை ஆடவரின் உயிரும் ஹார்ன் முனையைத் தாண்டின. அவருக்கிருந்த அதிகாரம் இரண்டு. ஒன்று, காரியம் தெரிந்திருந்தது. மற்றொன்று, ஆளப்படுகிறவர்களின் சம்மதம். சுயராஜ்யம் கேட்டவர்கள் நாமும் இவ்விரண்டைத் தவிர வேறு எதையும் ஆதாரமாகக் காட்டியதில்லை.

கணவரின் நோய்க்கு வைத்தியமும் மேரியே பார்த்தார். கப்பலிலிருந்த வைத்திய நூல்களைப் படித்துப் படித்து மருந்து கொடுத்தார். ஏறத்தாழ 50 நாள் உடைமாற்றாமலே படுத்து எழுந்தார் என்று அக்காலத்துச் செய்திகள் கூறுகின்றன. இடையில் காப்டனுக்குச் சற்றுத் தெளிவு உண்டாயிற்று. மனைவியின் சுமையைக் குறைக்க எண்ணி, கீலரையே மறுபடியும் வேலையில் அமர்த்தினார். கீலரோ கப்பலை ஸான்பிரான்சிஸ்கோவுக்குச் செலுத்தாமல் சிலி தேசத்து வால்பரைஸோ துறைமுகத்தின் பக்கம் திருப்புவது தெரியவரவே, மீண்டும் நீக்கப்பட்டார். காப்டனின் நோயும் மீண்டும் முற்றியது. அவருக்குக் கண் பார்வையும் போயிற்று. நவம்பர் 15-ந் தேதி, ஏறத்தாழ நான்கரை மாதப் பிரயாணத்துக்குப் பிறகு, கப்பல் ஸான்பிரான்சிஸ்கோ சேர்ந்தது.

இன்ஷூரன்ஸ்காரர்கள் மேரிக்கு 1000 டாலர் வெகுமதி அனுப்பினார்கள். காப்பாற்றிக் கொடுத்த சொத்தின் மதிப்பை நினைத்தால் இது என்ன தாராளம் என்று விளங்கவில்லை. ஒரு மனைவியின் சாதாரணக் கடமையைத்தான் செய்ததாக மேரி அவர்களுக்கு எழுதினார். அவ்வளவு அடக்கம் வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். கடமை பலருக்கு உண்டு, கணிதம் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. 1857 மார்ச்சில் ஓர் ஆண் மகவைப் பெற்றார். அந்த ஜூலையில் கணவர் இறந்தார். 1861-ல், 24 வயது நிரம்புமுன், மேரியும் க்ஷயரோகத்தால் மரித்தார். அமெரிக்க வர்த்தகக் கப்பற் கல்லூரியில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

ஜோஷுவா பாட்டன் மனைவிக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்த நாட்களில், அவ்வாறு செய்வது அவருடைய அதிகாரத்துக்குக் குறைவு என்று யாராவது சொல்லியிருக்கக்கூடும். அவர் கேட்டிருந்தால் அவர் கப்பல் ஹார்ன் முனையில் என்ன ஆகியிருக்கும்?

மற்றொரு தம்பதியின் கதை இதற்கு நேர்மாறான பக்கத்தைக் காட்டுகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த மாரிஸ் பெய்லியும் அவர் மனைவி மாரலினும் ‘ஆரலின்’ என்ற 31 அடிக் கப்பலில் நியூஜிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காப்டன் மாரிஸ், திசையறியும் வித்தை அவருடையது. உணவுச் சாமானும் ஏற்பாடுகளும் மாரலினுடையவை. அந்த அம்மாளுக்கு நீந்தவும் தெரியாது. கரையிலிருந்து எவரும் தலையிடாத சுதந்திரம் வேண்டுமென்று, செய்தி அனுப்பும் ரேடியோவைக் கப்பலில் வைக்க மாரிஸ் விரும்பவில்லை. 1973 மார்ச் 4-ந் தேதி, பஸிபிக் சமுத்திரத்தில், பனாமாவைக் கடந்து காலபாகஸ் தீவுகளை நோக்கிச் செல்லுகையில் ஒரு திமிங்கிலம் மோதிக் கப்பல் மூழ்கிற்று. காற்றடைத்த ரப்பர்த் தெப்பம் ஒன்றிலும் சிறு தோணி ஒன்றிலும் இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

தெப்பத்துக்குப் பாயில்லை, சுக்கானில்லை, இருக்குமிடம் தெரிந்தாலும் போகுமிடத்தைத் தீர்மானிக்க வழியில்லை. காப்டனின் வித்தை அனைத்தும் ஒரே நாளில் செல்லாக் காசாயிற்று. செல்லுபடியானது மாரலினின் வித்தை. அவர் சாமானை அளந்து பங்கிட்டார். ஊக்குகளை வளைத்துத் தூண்டில் முள் செய்தார். ஆமையும் மீனும் உணவாயின. மழை நீரைப் பிடித்து வைத்தார்கள். காகிதத்தில் விளையாட்டுச் சீட்டுகள் செய்தார். கரை சேர்ந்தபின் கட்டப்போகும் அடுத்த கப்பலைப் பற்றித் திட்டம் போட்டார். மாரிஸ் பலமுறை நம்பிக்கை இழந்தார், மாரலின் இழக்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் கப்பல்கள் சென்றும், அவை இவர்களைக் காணாமலே போய்விட்டன. ஜூன் 30-ந் தேதி ஒரு கொரிய மீன்பிடி கப்பல் அவர்களை எடுத்துக் காப்பாற்றியது. ஏறத்தாழ நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் தெப்பத்தின் தலைவர் யார் என்பதில் மாரிஸுக்கே சந்தேகம் இருக்கவில்லை. பின்னர் அதனை ஒப்புக்கொள்ள அவர் தயங்கவும் இல்லை. அதற்காக நாம் அவரை மதிக்கிறோம்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பிரிகேடியராக இருந்த மைல்ஸ் ஸ்மீட்டனும் அவர் மனைவி பெரிலும் வேறு மாதிரி. அந்த ராணுவத்தின்மேல் நமக்குப் பிரியம் கொள்ளக் காரணமில்லை. ஆயினும் தைரியம் எங்கிருந்தாலும் தைரியமே. 1957 பிப்ரவரியில் அவர்களுடைய ‘ட்ஸூ ஹாங்’ கப்பல் ஹார்ன் முனைக்கு மேற்கே வெகு தூரத்தில் பேரலையால் தலைகுப்புறக் கவிழ்ந்து நிமிர்ந்தது. அவ்வேளை சுக்கானில் தன்னந்தனியாக நின்றவர் பெரில்தான். கணவரும் உடன் வந்த நண்பரும் உள்ளே இருந்தார்கள். அலை பெரிலைக் கடலில் எறிந்தது, பாய்மரங்கள் ஒடிந்தன. காயத்துடன் நீந்தி வந்து ஏற்றப்பட்ட பெரில், உடனே வாளியை எடுத்து மற்றவர்களுடன் சேர்ந்து நீரை இறைக்கத் தொடங்கினார். அந்தக் குடும்பத்தில் சுக்கான் யாருடையது என்ற கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை.

இவையெல்லாம் வெள்ளைக்காரர் கதைகள், நம் குடும்பங்களுக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பார் உண்டு. 1930-லும் 1942-லும் தேசத் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சிறை புகுந்தபோது நம் வீடுகளில் சுக்கானைப் பிடித்தவர்கள் யார்? முன்னேற்பாடு ஒன்றும் செய்யாமல், பத்திரம் எங்கே, கடன் எவ்வளவு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் புருஷன் போலீஸ் வண்டியில் ஏறிவிட்டான். பின்னால் நின்றவள் எப்படியோ சமாளித்தாள். நமது வக்கீல் தொழிலில் இன்றும் இதைக் காண்கிறோம். பொது மேடையில் பல வருஷம் ஸ்திரீ சமத்துவம் பேசிய ஒரு கனவான் திடீரென்று காலமானார். அவர் மனைவியார் ஒரு தகரப் பெட்டி நிறையக் காகிதங்களைக் கொண்டுவந்து நம் மேஜைமேல் வைத்து, “இதில் எது எதுவென்று தெரியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். அடமானப் பத்திரம் ஒன்றுக்குத் தவணை கடந்து போயிருந்தது. அந்த அம்மாள் 30 வருஷம் அந்த வீட்டின் வரவு செலவைக் காசு பிசகாமல் நடத்தியவர். பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அந்த ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கக் கணவருக்கு மட்டும் நேரமில்லை.

அதே ஹார்ன் முனையில் சமீபத்தில் நம்மவர் இருவர் சென்ற செய்தியையும் சொல்லவேண்டும். இவர்கள் தம்பதிகள் அல்லர். இந்தியக் கடற்படையின் லெப்டினண்ட் கமாண்டர்களான கோழிக்கோட்டுப் பெண்மணி தில்னாவும், புதுச்சேரித் தமிழ்ப் பெண்மணி ரூபாவும். ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்க்கப்பலில் 2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, பாக்லந்துத் தீவுகள், கேப் டவுன் வழியாக, 25,000 கடல் மைலுக்கு மேல் சென்று உலகைச் சுற்றினார்கள். கப்பலில் வேறு ஆளில்லை. ஒருவர் உறங்கும்போது மற்றவரே காப்டன், மற்றவரே மாலுமி, மற்றவரே சமையற்காரர். பாயைத் தைப்பதும் இயந்திரத்தைப் பழுது பார்ப்பதும் காயத்துக்குக் கட்டுப்போடுவதும் இருவரும் கற்றுக்கொண்ட பின்னரே அவர்களை அனுப்பினார்கள். 2025 பிப்ரவரியில், மேரி பாட்டன் எதிர்க்காற்றுடன் போராடிய அதே முனையை அவர்கள் மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தார்கள். மே 29-ந் தேதி கோவா திரும்பினார்கள்.